பெய்ஜிங் கோடை அரண்மனைத் தோட்டம்: வழிகாட்டி ஆள் இல்லாமல் நீங்களே போய் வர

பெய்ஜிங்கின் வடமேற்கில் இருக்கும் கோடை அரண்மனையைச் சீனர்கள் யிஹெயுவான் என்பார்கள். குழுப் பயணத்தில் போனால் இங்கே உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. கிழக்கு வாசலில் இறக்கி, நீளத் தாழ்வாரத்தில் வேகமாக நடத்தி, கல் படகின் முன் ஒரு படம் எடுக்கவிட்டுப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். தோட்டமோ ஏறத்தாழ 290 ஹெக்டேர். அதில் முக்கால் பங்கு ஏரி, மிச்சத்தில் ஒரு குன்றும் அரண்மனைக் கட்டடங்களும். நீங்களாகப் போனால் நிதானமாக ஐந்தாறு மணி நேரம் சுற்றலாம், செலவும் குறைவு.

உள்ளே சுற்றுவதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. வாசலுக்குள் நுழைவதற்கு முன்னால் வருகிற பாஸ்போர்ட், பணம், செல்பேசி, எந்த வாசல் என்ற நான்கில்தான் முதல்முறை போகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி இடம் அதற்கே போகிறது. வரலாற்றை வேறு எங்காவது படித்துக்கொள்ளுங்கள்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

விமானச் சீட்டு போடும் முன்பே இதை முடிவுசெய்யுங்கள். அக்டோபர் முதல் வாரம், மே முதல் வாரம், சீனப் புத்தாண்டு ஆகிய மூன்றும் வேண்டவே வேண்டாம். நாடே ஊர் சுற்றக் கிளம்பும் நாட்கள் அவை. நுழைவுச் சீட்டும் தீர்ந்துவிடும், தாழ்வாரத்தில் நடக்கவும் இடம் இருக்காது.

வாரத்தில் தவிர்க்க வேண்டியது திங்கட்கிழமை. தோட்டம் திறந்திருந்தாலும் தனிக் கட்டணம் வாங்கும் உள் இடங்களைத் திங்கள்தோறும் மூடுவது வழக்கம். அரசு விடுமுறை நாளாக வந்தால் மட்டும் விதிவிலக்கு. பெய்ஜிங்கின் பழைய அரண்மனையான தடைசெய்யப்பட்ட நகரத்துக்கும் திங்கள்தான் விடுமுறை. அங்கே போக முடியாதவர்கள் இங்கே வந்து சேர்வதால், பார்க்க வேண்டியது மூடியிருக்கும் நாளில் கூட்டம் மட்டும் நிறைந்திருக்கும். செவ்வாய், புதன், வியாழன் நல்லவை.

பருவத்தில் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசிவரை முதல் தேர்வு, முதல் வாரம் நீங்கலாக. அடுத்தது ஏப்ரலும் மே நடுப்பகுதியும். ஏரியின் மேற்கு அணையில் பீச் மரங்கள் பூப்பது மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில். ஏப்ரல், மே மாதங்களில் பாப்லர், வில்லோ மரங்களின் பஞ்சு காற்றில் பறந்து கண்ணிலும் மூக்கிலும் ஏறும். ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ இருந்தால் முகக்கவசமும் மாத்திரையும் கையில் இருக்கட்டும். ஜூலை, ஆகஸ்டில் தாமரை பூத்திருக்கும், ஆனால் வெயிலும் மழையும் சேர்ந்து படுத்தும். ஜனவரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போய் ஏரி உறைந்துவிடும், படகு ஓடாது. குளிருக்கு உரிய உடை இருந்தால் கூட்டமில்லாத அந்தத் தோட்டமும் தனி அழகுதான். சென்னையில் வாங்கிய ஸ்வெட்டரை நம்பிப் போகாதீர்கள்.

2. விசா

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கட்டாயம். சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு இந்தியர்களுக்கு 2025 ஜூலையில் சுற்றுலா விசா மீண்டும் தொடங்கியது. விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்புங்கள். அதோடு கேட்பவை: குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், வெள்ளைப் பின்னணியில் புகைப்படம், போகவர விமானப் பதிவு, எல்லா இரவுக்கும் விடுதிப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம், வேலை பார்ப்பவராக இருந்தால் நிறுவனக் கடிதம். பழைய பாஸ்போர்ட்டில் சீன விசா இருந்தால் அதன் நகலையும் வையுங்கள்.

விடுதியைக் கட்டணமின்றி ரத்துசெய்யக்கூடிய வகையில் போடுங்கள், ஆனால் விசா கைக்கு வரும்வரை ரத்துசெய்ய வேண்டாம். பதிவில் உங்கள் பெயர் மட்டும் இருந்து மனைவி, பிள்ளைகள் பெயர் இல்லாவிட்டால் காகிதம் திரும்பி வரும். இது அடிக்கடி நடக்கிறது.

ஒற்றை நுழைவு விசாவில் கொடுத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதே வழக்கம். ஆகவே ஆறு மாதம் முன்பே ஓடுவதில் பயனில்லை. புறப்பாட்டுக்கு ஐந்தாறு வாரம் முன்பு கொடுத்தால் சரியாக இருக்கும். கட்டணம் இரண்டு பாகம்: விசாவுக்கு ஒன்று, விண்ணப்ப மையத்தின் சேவைக்கு ஒன்று. கொடுக்கும் நாளின் தொகையை மையத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் போகலாம். அமெரிக்கா உட்பட 55 நாட்டு பாஸ்போர்ட்டுகளுக்கு 240 மணி நேர விசா இல்லா இடைத்தங்கல் உண்டு. நிபந்தனை, நீங்கள் அங்கிருந்து மூன்றாவது நாட்டுக்குப் போக வேண்டும். நியூயார்க்கிலிருந்து பெய்ஜிங் வந்து நியூயார்க்குக்கே திரும்பினால் அது இடைத்தங்கல் அல்ல. பெய்ஜிங் வந்து சென்னைக்குப் போனால் இடைத்தங்கல். இந்தியாவும் இலங்கையும் இந்த 55இல் இல்லை.

3. பெயர், பாஸ்போர்ட் எண்

நம்மவர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு முதலெழுத்து விரிந்து அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். வங்கி அட்டையில் முதலெழுத்தோடு ஒரு பெயர், விமானச் சீட்டில் இன்னொரு வரிசை. சீனாவில் தோட்டம், அருங்காட்சியகம், ரயில் எல்லாவற்றுக்கும் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் கொடுத்துத்தான் பதிவுசெய்ய முடியும். எந்தப் படிவமும் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது.

பாஸ்போர்ட்டில் கீழே இரண்டு வரியாக, நடுவே அம்புக்குறிகளோடு எழுத்துகள் இருக்கின்றன அல்லவா, ஸ்கேன் செய்யும் இயந்திரம் படிப்பது அதைத்தான். அங்கே பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையை எல்லாப் பதிவிலும் பின்பற்றுங்கள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால், விமானச் சீட்டில் எப்படிப் பிரித்துப் போட்டீர்களோ அப்படியே எங்கும் போடுங்கள். வாசலில் முக்கியமாகப் பார்ப்பது பாஸ்போர்ட் எண். பெயர் வரிசை மாறினால் சமாளிக்கலாம். எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ அடித்திருந்தால் கதவு திறக்காது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் செயலிகளில் பழைய எண் சேமிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

போகும் நாளில் மூல பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள், நகலோ செல்பேசிப் படமோ போதாது. விடுதிப் பெட்டகத்தில் பூட்டிவைத்துவிட்டுத் தோட்டத்து வாசலில் நிற்பவர்கள் தினமும் உண்டு.

4. பணமும் செல்பேசியும்

சீனாவில் எல்லாரும் செல்பேசியில் அலிபே, வீசாட் இரண்டில் ஒன்றால்தான் பணம் கொடுக்கிறார்கள். வெளிநாட்டு வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இவற்றில் இணைக்கலாம். 200 யுவானுக்குள் கூடுதல் கட்டணம் இல்லை, மேலே போனால் 3 விழுக்காடு. சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பாவில் இருப்பவர்கள் வீட்டிலேயே பதிவிறக்கி, பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து, அட்டையை இணைத்துவிட்டுக் கிளம்புங்கள். வங்கியின் ஓடிபி வரும் எண் கையில் இருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை. வீசாட்டில் புதுக் கணக்கு தொடங்கினால், ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் ஸ்கேன் செய்து உறுதி தர வேண்டும் என்று கேட்கக்கூடும். அதனால் முதலில் அலிபேயைப் பாருங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் நிலை வேறு. 2020இல் இந்திய அரசு தடைசெய்த சீனச் செயலிகளில் இவை இரண்டுமே உண்டு, உள்ளூர்ச் செயலிக் கடையில் கிடைக்காது. குறுக்குவழி சொல்லும் காணொளிகளை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். இவை இல்லாமலே இந்தத் தோட்டத்துக்குப் போய்வரலாம். அதற்கு மூன்று ஏற்பாடு போதும்.

முதலாவது, ரொக்கம். ஆளுக்கு 800 முதல் 1,000 யுவான்வரை, அதில் பாதி பத்து, இருபது யுவான் தாள்களாக. ரொக்கம் வாங்க மறுப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால் நூறு யுவான் தாளை நீட்டினால் சில்லறை இல்லை என்று கைவிரிப்பார்கள். ஒரு யுவான் நம் ரூபாயில் சுமார் 12, 13.

இரண்டாவது, வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் தொட்டுச் செலுத்தும் வசதியும் திறந்துவைத்த விசா அட்டை அல்லது மாஸ்டர்கார்டு. இந்திய வங்கிகள் புது அட்டையில் இரண்டையும் மூடியே தருகின்றன. வங்கிச் செயலியில் நீங்கள்தான் திறக்க வேண்டும். பெய்ஜிங் மெட்ரோ வாசலில் 2024 முதல் இந்த அட்டைகளைத் தொட்டு நுழையலாம். ரூபே அட்டையை நம்பிப் போகாதீர்கள்.

மூன்றாவது, இந்தியாவில் இயங்கும் ஒரு பயணப் பதிவுச் செயலி. டிரிப் டாட் காமில் இந்திய அட்டையாலேயே நுழைவுச் சீட்டு எடுக்கலாம்.

இணையம்: கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் அங்குள்ள வைஃபையில் திறக்காது. உங்கள் ஊர் சிம்மில் ரோமிங் போட்டாலோ, வெளிநாட்டு நிறுவனத்தின் பயண இ-சிம் வாங்கினாலோ பெரும்பாலும் திறக்கும், ஏனென்றால் அந்தத் தரவு சீனாவுக்கு வெளியே போய்த்தான் இணையத்தைத் தொடுகிறது. அப்படியும் கூகுள் வரைபடத்தை வைத்து நடக்காதீர்கள். சீனாவில் வரைபடத்தில் இடங்களின் புள்ளிகளைச் சற்று நகர்த்திவைக்கும் முறை இருப்பதால் நீங்கள் ஏரிக்குள் நிற்பதாகக் காட்டும். ஐபோனில் இருக்கும் ஆப்பிள் வரைபடம் அங்கே சரியாக வேலை செய்யும். ஆண்ட்ராய்டில் ஆமேப் என்ற சீன வரைபடச் செயலி கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள். எதுவும் கிடைக்காவிட்டாலும், தோட்டத்தின் பெயரையும் நான்கு வாசல்களின் பெயரையும் விடுதி முகவரியையும் சீன எழுத்தில் படமாகச் சேமித்து வையுங்கள். ஓட்டுநரிடம் காட்ட அதுதான் உதவும்.

5. நுழைவுச் சீட்டு: எதை வாங்குவது?

ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை பொது நுழைவு 30 யுவான், தனிக் கட்டண இடங்களையும் சேர்த்த கூட்டுச் சீட்டு 60. நவம்பர் முதல் மார்ச் வரை 20, 50. பொதுச் சீட்டில் ஏரி, குன்று, நீளத் தாழ்வாரம், கல் படகு, பதினேழு வளைவுப் பாலம், இசைவுத் தோட்டம் எல்லாம் அடங்கும். தனிக் கட்டணம் நான்கு இடங்களுக்கு: குன்றின் மேலுள்ள புத்த நறுமணக் கோபுரம் 10, சூசௌ தெரு 10, நாடக மேடை இருக்கும் தெஹெ முற்றம் 5, வென்சாங் காட்சிக்கூடம் 20.

இப்போது கூட்டிப் பாருங்கள். கோடையில் பொதுச் சீட்டோடு கோபுரம், தெரு, மேடை மூன்றும் சேர்ந்து 55 யுவான். கூட்டுச் சீட்டு 60. அதாவது வென்சாங் காட்சிக்கூடத்துக்குள் போனால்தான் கூட்டுச் சீட்டால் லாபம். அது அரண்மனையின் வெண்கலம், பீங்கான், ஜேட் கல் பொருட்கள் உள்ள இடம். ஆர்வம் இருந்தால் ஒரு மணி நேரம் போகும், இல்லையென்றால் விட்டுவிடலாம். மலை ஏற முடியாத பெரியவர்களோடு போகிறவர்கள் வெறும் பொதுச் சீட்டும், தெஹெ முற்றத்துக்கு 5 யுவானும் கொடுத்தால் போதும். உள் இடங்களின் சீட்டை அந்தந்த வாசலிலேயே தனியாக வாங்கலாம் என்பதால் முன்கூட்டி எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கத் தேவையில்லை.

பதிவை அதிகாரபூர்வ வீசாட் பக்கத்திலோ, பெய்ஜிங் நகரப் பூங்காக்களின் பொதுப் பதிவுத் தளத்திலோ, பயணச் செயலியிலோ சில நாட்கள் முன்பே செய்யலாம். சாதாரண வாரநாளில் முதல்நாள் இரவு போட்டாலும் கிடைக்கும். பயணச் செயலியில் எடுத்தால் மூன்றைக் கவனியுங்கள்: தேதி, அது கூட்டுச் சீட்டா பொதுச் சீட்டா, வழிகாட்டி ஆளையும் சேர்த்து விற்கிறார்களா. கடைசியாகச் சொன்னதில் விலை நாலைந்து மடங்கு ஏறியிருக்கும்.

எதுவும் முடியாவிட்டால் வாசலில் ஆள் உட்காரும் கவுண்ட்டர் இருக்கிறது. பாஸ்போர்ட்டையும் ரொக்கத்தையும் கொடுத்து வாங்கலாம். வார இறுதியிலும் விடுமுறையிலும் மட்டும் இதை நம்பாதீர்கள்.

ஆறு வயதுவரையுள்ள, அல்லது 1.2 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. முதியோர் சலுகை வெளிநாட்டவருக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். கேட்டுப்பார்ப்பதில் தவறில்லை.

6. எந்த வாசல்?

அரை நாளைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் இந்த ஒரு முடிவுதான்.

எல்லாரும் போவது கிழக்கு அரண்மனை வாசல். முன்புறம் அழகு, பேருந்துகள் நிற்கும் இடமும் அதுதான். காலை ஒன்பதரைக்கு மேல் அங்கே கொடி பிடித்த குழுக்கள் வரிசையாக நிற்கும். அந்த வழியில் போனால் தாழ்வாரத்தில் நடந்து குன்றின் அடிக்கு வந்து, செங்குத்தான படிகளில் கோபுரத்துக்கு ஏற வேண்டியிருக்கும்.

வடக்கு அரண்மனை வாசலில் நுழைந்தால் குன்றின் பின்பக்கத்திலிருந்து, மரநிழலில், பகுதி பகுதியாக ஏறுவீர்கள். கோபுரத்தை மேலிருந்து அடைந்து, ஏரியைப் பார்த்தபடியே இறங்கலாம். மெட்ரோ நிலையமும் பக்கம். முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கு வடக்கு வாசலைத்தான் சொல்வேன்.

முழங்கால் வலி உள்ளவர்கள், சக்கர நாற்காலி, குழந்தை வண்டி என்றால் வடக்கு வேண்டாம், நுழைந்ததுமே படிகள்தான். கிழக்கு வாசலிலோ, பதினேழு வளைவுப் பாலத்துக்குப் பக்கமாக இருக்கும் புதிய அரண்மனை வாசலிலோ நுழையுங்கள். ஏரிக்கரை சமதளம். அரண்மனை முற்றங்களில் மட்டும் உயரமான மர வாசற்படிகளைத் தாண்ட வேண்டியிருக்கும்.

7. மெட்ரோவில் போகும் வழி

நகரின் நடுவிலிருந்து 4ஆம் எண் வழித்தடம். வடக்கு வாசலுக்குப் பெய்கோங்மென் நிலையத்தில் இறங்குங்கள், ஐந்து நிமிட நடை. கிழக்கு வாசலுக்கு அதற்கு முந்தைய சீயுவான் நிலையம், பத்துப் பதினைந்து நிமிட நடை. சீயுவானுக்கு 16ஆம் வழித்தடமும் வருகிறது. மேற்கு வாசலுக்கு, 10ஆம் வழித்தடத்தின் பாகோ நிலையத்தில் மாறி சீஜியாவ் டிராம்.

கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. 6 கிலோமீட்டர்வரை 3 யுவான், 12 வரை 4, 22 வரை 5. நடுநகரிலிருந்து பெரும்பாலும் 5 யுவானுக்குள் முடியும். நடுநகரில் இருக்கும் சீடான் பக்கத்திலிருந்து முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் பையை ஸ்கேனரில் போட வேண்டும். பழம் நறுக்கும் கத்தி, பெரிய ஸ்ப்ரே டப்பா இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். காலை ஏழரையிலிருந்து ஒன்பதுவரை அலுவலகக் கூட்டம், பிள்ளைகளோடு அந்த நேரத்தைத் தவிருங்கள்.

ஒரு பொறி: 4ஆம் தடத்தில் சீயுவானுக்கு முன்னால் யுவான்மிங்யுவான் என்று ஒரு நிலையம் வரும். ஆங்கிலத்தில் அதைப் பழைய கோடை அரண்மனை என்பார்கள். அது இடிபாடுகள் உள்ள வேறு தோட்டம், வேறு சீட்டு. டாக்சியில் ஆங்கிலத்தில் மட்டும் சொன்னால் அங்கே இறக்கிவிட வாய்ப்புண்டு. சீன எழுத்துப் படத்தைக் காட்டுங்கள்.

8. உள்ளே நடக்கும் வரிசை

கோடைப் பருவத்தில் வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும், குளிர்காலத்தில் 6.30. தனிக் கட்டண இடங்கள் எட்டரை, ஒன்பது வாக்கில்தான் திறக்கும், மாலை நான்கு ஐந்துக்குள் மூடிவிடும். ஆகவே எட்டேகாலுக்கு வடக்கு வாசலில் இருங்கள். ஆங்கிலத்தில் பேசும் ஒலிக்கருவி வாசலருகே முன்பணம் கட்டினால் கிடைக்கும். தமிழில் இல்லை.

நுழைந்ததும் ஒரு பாலம். கீழே கால்வாயின் இரு கரையிலும் கடைகளோடு இருப்பது சூசௌ தெரு. பாலத்தின் மேல் நின்றாலே நன்றாகத் தெரியும், படமும் மேலிருந்துதான் நன்றாக வரும். கீழே இறங்க 10 யுவான். நடைபாதை குறுகல், தண்ணீர்ப் பக்கம் கைப்பிடியே இல்லை. ஓடும் வயதுப் பிள்ளைகள் இருந்தால் மேலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள்.

பாலத்தைத் தாண்டி நேரே ஏறினால் திபெத்திய பாணிக் கோயில் தொகுதி, அதற்கும் மேலே குன்றின் உச்சியில் பச்சையும் மஞ்சளுமாக ஓடு பதித்த ஞானக் கடல் மண்டபம். அதன் வெளிச்சுவரில் வரிசையாக இருக்கும் சிறு புத்தர் உருவங்களை நின்று பாருங்கள். குன்று அறுபது மீட்டர் அளவுதான். நிதானமாக ஏறினால் அரை மணி நேரம்.

உச்சியிலிருந்து ஏரிப் பக்கம் இறங்கும்போது புத்த நறுமணக் கோபுரத்தின் சீட்டு வாசல் வரும். கோபுரத்தின் மாடிகளுக்கு ஏற விடமாட்டார்கள். கீழ்த்தளத்தில் கருணைத் தெய்வமான குவான்யினின் ஆயிரம் கை வெண்கலச் சிலை இருக்கிறது. 10 யுவான் கொடுப்பது சிலைக்காக மட்டும் அல்ல, சுற்றுத் திண்ணையிலிருந்து தெரியும் காட்சிக்கும்தான்: கீழே மஞ்சள் ஓட்டுக் கூரைகள், அதற்கப்பால் ஏரி, தீவு, பாலம், தூரத்தில் நகரம். காலை பத்துக்கு முன் போனால் கைப்பிடிச் சுவரோரம் இடம் கிடைக்கும்.

இங்கிருந்து படிகளில் இறங்கி, மேகம் விலக்கும் மண்டபம் வழியாக ஏரிக்கரைக்கு வருவீர்கள். படிகள் செங்குத்து, மழைநாளில் வழுக்கும். வெளியே வந்துவிட்டால் அதே சீட்டில் திரும்ப ஏற முடியாது என்பதால் மேலே பார்க்க வேண்டியதை முடித்துவிட்டு இறங்குங்கள்.

கரையில் குறுக்கே ஓடுவதுதான் நீளத் தாழ்வாரம், 728 மீட்டர். நீங்கள் வந்து சேர்ந்தது அதன் நடுப்பகுதி. முதலில் வலப்பக்கம், மேற்கே நடங்கள். தலைக்கு மேலே ஒவ்வொரு உத்தரத்திலும் ஓவியம். கதை தெரியாவிட்டாலும் பூ, பறவை, ஏரிக்காட்சி, போர்க்காட்சி என்று மாறி மாறி வருவது தெரியும். மேற்குக் கோடியைத் தாண்டிச் சற்று நடந்தால் கல் படகு, 36 மீட்டர் நீளம். அடிப்பாகம் மட்டுமே கல். மேல்தளம் மரம், சலவைக்கல் போலத் தெரிய வண்ணம் பூசியது. ஏறிப் பார்க்க முடியாது.

9. ஏரியைக் கடப்பது

கல் படகிலிருந்து இரண்டு வழி. ஏப்ரல் முதல் அக்டோபர்வரை அருகே உள்ள துறையிலிருந்து தெற்குத் தீவுக்குப் படகு ஓடும். கட்டணம் நுழைவுச் சீட்டில் சேராது, துறையிலேயே தனியாக வாங்க வேண்டும். காற்று பலமாக இருந்தாலோ மழை வந்தாலோ நிறுத்திவிடுவார்கள். மாலை ஐந்துக்கு மேல் படகு இருக்கும் என்று திட்டமிடாதீர்கள். படகில் போனால் தாழ்வாரத்தின் கிழக்குப் பாதியும் அரண்மனை முற்றங்களும் விட்டுப்போகும். அவை வேண்டுமென்றால் தாழ்வாரத்திலேயே கிழக்கே திரும்பி நடங்கள். மகிழ்நெடுவாழ்வு மண்டபம், தெஹெ முற்றத்தின் 21 மீட்டர் உயர மூன்றடுக்கு நாடக மேடை, அரசவை மண்டபம் என்று வரிசையாக வரும். கண்ணாடி வழியாகத்தான் உள்ளே பார்க்க முடியும். கைவிளக்கு இருந்தால் உதவும், பளிச்சென்று ஃபிளாஷ் போடாதீர்கள். வடகிழக்கு மூலையில் இருக்கும் இசைவுத் தோட்டம் பொதுச் சீட்டிலேயே அடங்கியது. ஒரு குளம், சுற்றிலும் வளைந்த தாழ்வாரம். குழுக்கள் அதிகம் எட்டிப்பார்க்காத மூலை, உட்கார்ந்து இளைப்பாற ஏற்றது.

அரண்மனைப் பகுதியிலிருந்து தெற்கே கிழக்குக் கரையோரம் நடந்தால் வசந்தம் அறியும் மண்டபம் என்ற சிறு தீவு வரும். குன்றும் கோபுரமும் ஏரியும் ஒரே படத்தில் விழும் இடம் இதுதான். மேற்கே தூரத்தில் ஒரு குன்றின் மேல் கோபுரம் தெரியும். அது யூசுவான் குன்று, தோட்டத்தைச் சேர்ந்ததல்ல, பொதுமக்கள் போகவும் முடியாது. அதையும் தோட்டத்துக் காட்சிக்குள் வருமாறுதான் இந்த இடத்தை அமைத்திருக்கிறார்கள்.

இன்னும் தெற்கே வெண்கலக் காளை, அடுத்து 150 மீட்டர் நீளப் பதினேழு வளைவுப் பாலம். கைப்பிடித் தூண்களில் 544 கல் சிங்கங்கள். டிசம்பரில், ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் குளிர்காலக் கதிர்த்திருப்பத்தை ஒட்டிய வாரங்களில், மாலைச் சூரியன் எல்லா வளைவுகளுக்குள்ளும் பொன்னிறமாகப் புகும். அதைப் படமெடுக்க மதியமே முக்காலி நட்டு இடம்பிடிப்பார்கள். உங்கள் பயணம் அந்த வாரம் என்றால் நான்கு மணிக்கு வந்து பின்வரிசையில்தான் நிற்பீர்கள். மூன்றுக்கு முன்பே வாருங்கள்.

நேரம் மிச்சமிருந்து கால் ஒத்துழைத்தால் மேற்கு அணையில் நடக்கலாம். ஆறு பாலங்கள், இரண்டு கிலோமீட்டருக்கு மேல், கடை அதிகம் இல்லை, கூட்டமும் இல்லை. தோட்டத்தில் எனக்கு மிகச் சிறந்த பகுதி என்று தோன்றுவது இதுதான். ஆனால் முதல் தடவையே குன்று, அரண்மனை, பாலம், மேற்கு அணை நான்கையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் கடைசி இரண்டும் வெறும் நடையாகிவிடும். குன்றை விட்டுவிட்டு அணையைத் தேர்ந்தாலும் நஷ்டமில்லை.

10. சாப்பாடும் கழிப்பறையும்

உள்ளே சிற்றுண்டிக் கடைகள் உண்டு: வேகவைத்த சோளம், சாசேஜ், ஐஸ்கிரீம், உடனடி நூடுல்ஸ். சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சோளமும் பழமும்தான் நிச்சயம். நூடுல்ஸ் பொட்டலத்தில் காய்கறிப் படம் போட்டிருந்தாலும் மசாலாவில் இறைச்சிச் சாறு இருக்கும். சப்பாத்தி, ரொட்டி, புளிக்காய்ச்சல் கலந்த சோறு எதுவானாலும் கட்டிக்கொண்டு போங்கள், இருந்து சாப்பிட இடம் நிறைய. ஃபிளாஸ்க் இருந்தால் வெந்நீர் எங்கும் கிடைக்கும். குளிர்ந்த தண்ணீர்தான் கேட்டு வாங்க வேண்டியது.

கழிப்பறைகள் போதுமான அளவு உண்டு, பெரும்பாலும் குந்தும் வகை. காகிதமும் சோப்பும் கையில் இருக்கட்டும். தண்ணீர்க் குழாய் உள்ளே இருக்காது.

11. வெளியேறுவது

பாலத்தில் முடித்தால் வடக்கே திரும்பி நடக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் புதிய அரண்மனை வாசலில் வெளியேறி, பேருந்திலோ டாக்சியிலோ சீயுவான் மெட்ரோவுக்குப் போங்கள். நடந்தாலும் அரை மணிக்குள் சேரலாம். மேற்கு அணை வழியாக முடித்தவர்களுக்கு மேற்கு வாசலும் டிராமும் கிட்டம்.

வாசலில் காத்திருப்பவர்கள் மூன்று வகை: மீட்டர் போடாத டாக்சி, பெருஞ்சுவருக்கு மலிவுப் பேருந்து என்று அட்டை நீட்டுபவர், இன்று சீட்டு முடிந்துவிட்டது, என்னிடம் இருக்கிறது என்பவர். சீட்டு உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது, வேறொருவர் வைத்திருக்கும் சீட்டால் நீங்கள் உள்ளே போகவே முடியாது. நிற்காமல் நடங்கள்.

12. ஒருவருக்கு ஒரு நாள் செலவு

கோடைப் பருவக் கணக்கு: நுழைவோடு கோபுரமும் மேடையும் 45 யுவான், மெட்ரோ போகவர 10, உள்ளே தின்பண்டமும் தண்ணீரும் 30 முதல் 40. படகில் போனால் அதன் சீட்டு தனி. நூறு யுவானைத் தாண்டாது, அதாவது 1,300 ரூபாய்க்குள். குளிர்காலத்தில் நுழைவில் 10 யுவான் குறையும், படகும் இருக்காது. மெட்ரோவில் 20 யுவான் முன்பணம் கட்டி யீகாடோங் என்ற பயண அட்டை வாங்கியிருந்தால், ஊரைவிட்டுக் கிளம்பும் முன் திருப்பித் தரும் வசதியுள்ள நிலையத்தில் கொடுத்து முன்பணத்தையும் மீதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா நிலையத்திலும் இந்த வசதி இல்லை, வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.